பெருந்தொற்றுக் காலத்தில் வேறொன்றாக மாறிக்கொள்ளும் மருத்துவமனையைக் கட்ட முடியுமா?

முடியும்; ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். மருத்துவமனைகளின் காற்றோட்டத்தையும் ஆக்சிஜன் குழாய்களையும் வடிவமைக்கும் பணியில் இருப்பதால், சிகாகோவில் 2012 ஜனவரியில் திறக்கப்பட்ட ரஷ் பல்கலைக்கழக மருத்துவமனையின் கோபுரக் கட்டடத்தையே முதலில் சொல்வேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கும் அதையடுத்து அஞ்சலில் வந்த ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூளுக்கும் பிறகு திட்டமிடப்பட்டதால், ஒரே நேரத்தில் திரளாக வரும் நோயாளிகளை எங்கே வைப்பது என்ற கவலை அதன் வரைபடத்திலேயே இடம்பெற்றது. நுழைவுக்கூடத் தூண்களில் பலகைகளுக்குப் பின்னால் ஆக்சிஜன், மின் இணைப்புகள் இருக்கின்றன. பலகையைத் திறந்து கட்டில்களைப் போட்டால் அது சிகிச்சைக்கூடம். ஆம்புலன்ஸ் நிற்கும் பகுதியையும் அடைத்துப் பயன்படுத்தலாம். 2020 மார்ச்சில் கோவிட் அறிகுறியுடன் வந்தவர்களை அங்கேதான் பரிசோதித்துப் பிரித்தனுப்பினார்கள்.

படுக்கைக்கு இடம் தேடிவிடலாம், காற்றுதான் கடினம். தொற்றுநோயாளியின் அறையில் உள்ளே வரும் காற்றைவிட வெளியேற்றப்படும் காற்று கூடுதலாக இருந்தால்தான் அறையின் அழுத்தம் குறைந்து, கதவைத் திறக்கும்போது நடைவழிக் காற்று உள்ளே போகுமே தவிர, கிருமி வெளியே வராது. ரஷ் கட்டடத்தில் முழுப் பிரிவுகளையே இந்நிலைக்கு மாற்ற முடியும். அதற்கான பெரிய காற்றுக்குழாய்களைப் பின்னாளில் நுழைக்க வேண்டுமென்றால் தளத்துக்கும் தளத்துக்கும் இடையே போதிய உயரம் வேண்டும். செலவைக் குறைக்க அந்த உயரத்தைக் குறைத்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அது கிடைக்காது.

இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள ராம்பாம் மருத்துவமனை, 2006 லெபனான் போருக்குப் பின் தன் மூன்றடுக்கு நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தை 2000 படுக்கைகளாக மாற்றத்தக்கதாகக் கட்டியது. போருக்கென எண்ணிய அந்த இடம் 2020இல் கோவிட் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. மாறாக, லண்டனின் எக்செல் கண்காட்சி அரங்கில் 4000 படுக்கைகள் வரை போடும் திட்டத்துடன் 2020 ஏப்ரல் 3 அன்று திறந்த நைட்டிங்கேல் மருத்துவமனை மிகச் சிலருக்கே சிகிச்சை அளித்தது. தீவிர சிகிச்சை அறிந்த செவிலியர்களை மற்ற மருத்துவமனைகளிலிருந்துதானே அழைத்துவர வேண்டும்? ஆகவே தொலைவிலுள்ள அரங்கைவிட, மருந்தகமும் ஆய்வகமும் ஸ்கேனும் ஊழியர்களும் சுவருக்கு அப்பால் இருக்கும் மருத்துவமனையின் சொந்தக் கூடமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஊரில் புதிய மருத்துவமனை எழும்புகிறதென்றால் இரண்டைக் கேளுங்கள்: புறநோயாளிக் கூடம் வரை ஆக்சிஜன் குழாய் வருகிறதா? எல்லாப் படுக்கைகளும் ஒரே நேரத்தில் இழுத்தாலும் அழுத்தம் குறையாத அளவுக்கு அந்தக் குழாய் பருமனாக இருக்கிறதா? சுவர் பூசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.