கண்ட்ரி பாடல் வீடியோ: பார்வை வருகிறது, பணம் வரவில்லை

வணக்கம் ஐயா. டெக்சாஸில் இருக்கும் உங்கள் மகள் பழைய கண்ட்ரி (அமெரிக்கக் கிராமியச் சாயல் இசை) பாடல்களைப் பாடி யூடியூபில் போடுகிறார், பார்ப்பவர்கள் பெருகியும் விளம்பரப் பணம் வேறு யாருக்கோ போகிறது, இப்போது ஒரு நிறுவனம் முன்பணத்தோடு ஒப்பந்தம் நீட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பணம் போவதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: சொல்லும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. அடுத்தவர் பாட்டைப் பாடினால், அதன் உரிமைக்காரர்களுக்குத்தான் விளம்பரப் பணம் போகிறது. கரோக்கியை ஓடவிட்டுப் பாடினால் அந்த இசைப்பதிவும் அடுத்தவர் சொத்து. மகளே கிதார் வாசித்தால் ஒலிப்பதிவு அவருடையது. யூடியூபின் வருவாய்த் திட்டத்தில் இருந்தால், தகுதியுள்ள பாடல்களுக்கு ஒரு பங்கும் கிடைக்கும். முதலில் கரோக்கியை விடச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பங்கை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. சொந்தப் பாட்டு வேண்டும். கண்ட்ரி பாடகர் சாக் பிரையன் அமெரிக்கக் கடற்படையில் இருந்தபோது, படை விடுதிக்கு வெளியே வியர்த்து வழிய நின்று, கிதாரும் கையுமாகத் தன் பாட்டைப் பாடினார். போனில் எடுத்த அந்த வீடியோதான் பரவியது. 2023 ஆகஸ்டில் வர்ஜீனியாக்காரர் ஆலிவர் ஆன்டனியும் மரங்களுக்கு நடுவே ஒற்றைக் கிதாரோடு பாடி, அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் நேராக முதலிடத்தில் நுழைந்தார். எல்லாருக்கும் இப்படி வாய்க்காது, அது வேறு பேச்சு.

ஒப்பந்தத்தில் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பணம் பரிசு அல்ல. பின்னால் வரும் வருமானத்தில் கழித்துக்கொள்வார்கள். ஒலிப்பதிவு உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். ‘நிரந்தரமாக’ என்று இருந்தால், இசைத்துறை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.