முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு பாதம் தூக்கேலாம கிடக்கு

கேள்வி: அம்மாவுக்கு 49 வயசு. கால் வளைஞ்சு முழங்கால் உள்பக்கம் தேஞ்சிட்டுது எண்டு எலும்பை வெட்டி நேராக்கினவை. ஒரு மாசமாகுது, பாதத்தையும் பெருவிரலையும் மேல தூக்கேலாம இருக்கு, மேல்பாதம் விறைப்பு, நடக்கேக்க கால் இழுபடுது. கேட்டா நாளடைவில சரிவரும் எண்டினம். சரிவருமோ?
வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, சரிவர வாய்ப்பு நல்லாவே இருக்கு, ஆனா பாத்துக்கொண்டு சும்மா இருக்கிற விசயமில்லை இது.

முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா தடவினா ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும் எல்லோ, அதுக்குச் சற்றுக் கீழ பெரோனியல் நரம்பு எலும்பைச் சுத்திக்கொண்டு போகுது, மேல பெரிசா சதை ஒண்டும் இல்லை. பாதத்தைத் தூக்கிற தசையளுக்கு இந்த நரம்புதான். வெளிப்பக்கத்தால எலும்பை ஆப்பு வடிவத்தில வெட்டி எடுக்கிற முறையில பக்கத்துச் சின்ன எலும்பையும் வெட்ட வேண்டி வாறதால ஆபத்து கூட, உள்பக்கத்தால வெட்டி விரிக்கிறதில குறைவு. கத்தி படாமலே இறுக்கின பிளாஸ்டர் அந்த இடத்தில அமத்தினாலும் காணும், அதால கட்டு இன்னும் இருந்தா முதல்ல அதைக் காட்டுங்கோ.

அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராம இப்பவே போய் நேர்வ் கண்டக்சன், ஈ.எம்.ஜி. டெஸ்ட் (நரம்பும் தசையும் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்கிற சோதனையள்) கேளுங்கோ, நரம்பு பழுதாகி 3, 4 கிழமை கழிச்சுத்தான் அதில தெளிவாத் தெரியும், அம்மாவுக்கு இப்ப சரியான நேரம். நரம்பு அறுபடாம இழுபட்டிருந்தா பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா அது வளருறது நாளுக்கு கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் தான், மாசக்கணக்கா எடுக்கும். சில மாசத்திலயும் அசைவே இல்லையெண்டா நரம்பைத் திறந்து பாக்கிறதைப் பற்றிச் சத்திரசிகிச்சை டொக்டரோட கதைக்க வேணும். டயக்னோசிஸ் காட்டில (ஆஸ்பத்திரியில தாற நோய் விபர அட்டையில) பாதம் தூக்கேலாததை எழுதுவிச்சு எடுங்கோ.

இதை வாசிக்கிற மற்றவைக்கும் சொல்லுறன், ஒப்பரேசன் முடிஞ்ச முதல் நாளுகளில கால் கல்லு மாதிரி இறுகி, மருந்துக்கும் அடங்காம வலிச்சு, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போற மாதிரி இருந்தா அந்த நிமிசமே டொக்டரையோ நேர்சையோ கூப்பிடுங்கோ, தசைக்குள்ள அமுக்கம் ஏறினா மணித்தியாலங்களில கால் பழுதாகும்.

அம்மாவுக்கு நரம்பு திரும்பி வரும்வரைக்கும் குதிக்காலுக்கு மேல இருக்கிற தசைநாண் சுருங்கிப் போகாம பாதத்தை ஒரு துவாயால மேல இழுத்து இழுத்து விடவேணும், பிசியோ பழக்கி விடுவினம். கால் மேல கால் போட்டு இருக்கவும் குந்தி இருக்கவும் விடாதேங்கோ, அதுவும் அதே பெரோனியல் நரம்பைத்தான் அமத்தும். விறைச்ச பாதத்தில சுடுதண்ணி ஒத்தடம் வேண்டவே வேண்டாம், பொக்குளிச்சாலும் அம்மாவுக்குத் தெரியாது. நடக்கப் பாதத்தைத் தாங்கிற ஸ்பிளின்ற் ஒண்டு போட்டா தடக்குப்பட்டு விழமாட்டா, யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிலையத்தில (செயற்கைக் கால், கால் தாங்கியள் செய்து குடுக்கிற இடம்) விசாரிச்சுப் பாருங்கோ.