குழாய் நீரின் மருந்து வாடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இஞ்சியும் கருப்பட்டியும் சேர்த்து வீட்டில் நுரைபானம் தயாரிக்கிறேன். காவிரிக் குடிநீரை ஊற்றும்போது மட்டும் நுரை மந்தமாக எழுகிறது. மருந்துக்கடை வாடையும் அடிக்கிறது. குடத்தில் ஒரு நாள் பிடித்து வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சாயல்குடி

பதில்: கிருமிகளைக் கொல்வதற்காகக் கலக்கப்படும் குளோரின், குழாயின் கடைசி வீடு வரையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரவிதி. நன்கு பொங்கும் நொதியை (பானத்தில் நுரை எழுப்பும் ஈஸ்ட் கலவையை) அந்த அளவு எளிதில் கொன்றுவிடாது. ஆனால் இஞ்சியில் உள்ள பீனால் சேர்மங்களோடு குளோரின் சேரும்போது, மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும் மருந்து வாடை பிறந்துவிடுகிறது. ஆகவே நுரையைவிட வாடைக்காகவே குளோரினை நீக்க வேண்டும் என்பேன்.

குடத்தில் வைத்துப் பயனில்லாமல் போனதற்குக் காரணம் அதன் குறுகிய வாய்தான். குளோரின் நீரின் மேற்பரப்பு வழியாகவே வெளியேறுவதால், வாயகன்ற அண்டாவில் ஊற்றி, கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் வேடு கட்டி, 24 மணி நேரம் வைக்க வேண்டும். இடையிடையே செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஆற்றினால் இன்னும் விரைவாகப் போகும். நான்கைந்து லிட்டர்தான் தேவை என்றால், மூடாமல் கால் மணி நேரம் கொதிக்கவிடுவதே நல்லது, ஏனெனில் குளோரின் போன நீருக்குக் கிருமியிலிருந்து காவல் இல்லை. நன்றாக ஆறிய பிறகே நொதியைச் சேருங்கள்.

அவசரத்துக்கு வைட்டமின் சி உதவும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 20 லிட்டர் நீருக்குச் சுமார் 50 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு போதும். மருந்துக்கடை மாத்திரைகளில் பல ஆரஞ்சு மணமும் நிறமும் ஏற்றியவை என்பதால், கலப்பில்லாத அஸ்கார்பிக் அமிலத் (வைட்டமின் சியின் வேதிப்பெயர்) தூளே மேல். (பானத்தை நாட்கணக்கில் நொதிக்கவிட்டால் சாராயச் சத்து ஏறும், மதுவிலக்குச் சட்டம் வீட்டு அடுப்படிக்கும் பொருந்தும்.)

கேள்வி: எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு. கொதிக்க வைத்தால் அதுவும் போகுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய உப்பு செறிவாகி, உவர்ப்பு கூடத்தான் செய்யும். அதை நீக்க ஆர்.ஓ. கருவியோ காய்ச்சி வடித்தலோ வேண்டும். குளோரினை ஈர்க்கும் கரி வடிகட்டியும் உப்பைத் தொடாது. நுரைபானத்துக்குக் குழாய் நீரையே பயன்படுத்துங்கள்.