ஆசிரியர் நினைவு பர்சரி: ரசீதை சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) ஏன் ஏற்கவில்லை?

உங்கள் அறக்கட்டளைக்குத் தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு ஒப்புதல் இருந்தால்தான், உங்கள் இயற்பியல் ஆசிரியர் நினைவு பர்சரிக்கு, அதாவது மாணவர் உதவித்தொகைக்கு, பணம் கொடுத்தவர்கள் வரிக்கழிவு கேட்க முடியும். "பொதுநல அமைப்பு எண் இருக்கிறதே, அப்புறம் ஏன் ரசீதை மறுத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான் என்று நினைக்கிறேன். 930 என்று தொடங்கும் அந்த எண் இருந்தால் அமைப்புக்கு வரிவிலக்கு உண்டு. பணம் கொடுத்தவருக்குக் கழிவு தானாக வந்துவிடாது.

சார்ஸ் அனுப்பிய ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 18ஏ என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா? இருந்தால் கோளாறு ரசீதில். 2023 மார்ச் 1 முதல் கொடையாளியின் அடையாள எண், வரி எண் (இருந்தால்), முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், ரசீதுக்கென்று தனி எண் எல்லாம் வேண்டும். டர்பனில் எங்கள் சங்க ரசீது மேலே பிள்ளையார் சுழியும் கீழே ரப்பர் முத்திரையுமாக அழகாகத்தான் இருந்தது. கேட்ட விவரம் பாதிகூட அதில் இல்லை. புதுப் புத்தகம் அச்சடித்தோம்.

ஒப்புதலே இல்லையா? விண்ணப்பிக்கலாம். அல்லது 18ஏ ஒப்புதல் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திடம் பணத்தைக் கொடுத்து, ஆசிரியர் பெயரையும் 'அறிவியல் மாணவர்களுக்கு மட்டும்' என்ற நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ரசீதை அவர்களே தருவார்கள். சின்னக் குழுவுக்கு இதுதான் தலைவலி குறைவு.

ஆனால் இந்த மாணவருக்குத்தான் என்று கொடையாளி கைகாட்டக் கூடாது. சொந்தப் பேத்தி என்றால் கேட்கவே வேண்டாம். கழிவும் அந்த ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும்.