ஏப்ரலில் கூரையைக் கழற்றியவளின் பதில்

கேள்வி: வெயில்கால விடுமுறையில் வீட்டுத் திருத்த வேலை, பகுதிநேரத் தொழில், உறவினர் வருகை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மேலே பதில் எழுதிய மூன்று பேரும் அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஆண்கள். அதைச் சொல்லிக் காட்டவேண்டும் என்றில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேட்டவர் ஒரு பெண்ணாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொழும்பில் இருக்கிறீர்கள், புதுவருடத்துக்கு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வருவதற்குள் வீட்டைக் கொஞ்சம் வடிவாக்கிவிடலாம் என்று யாரோ உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். சரியா? அந்த யோசனையைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன்.

எங்களுடையது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் சீற். (அஸ்பெஸ்டஸ் உடம்புக்குக் கூடாது என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். முழுக்கூரையும் மாற்றக் காசு இருந்தால் மாற்றியிருப்போம்.) பின்பக்க அறையில்தான் என் தையல் மெசின். சாரிச் சட்டை தைக்கிறேன். லைனிங் போட்டால் 1,800, கைவேலை இருந்தால் கூட. புதுவருடத்துக்கு முந்திய மூன்று வாரம்தான் எனக்கு அறுவடைக்காலம். அந்த ஏப்ரலில் 23 சட்டை கையில் இருந்தது.

வேலையை ஆரம்பித்தது ஏப்ரல் 2. ஒழுகுகிற நாலு சீற்றை மாற்றுவது, குளியலறைத் தரைக்கு டைல் பதிப்பது. ஆறு நாள் வேலை என்றார் பாஸ் (மேசன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). நாள் கூலி 4,500, கையுதவிக்கு வருகிற பையனுக்கு 3,000, முற்பணம் 25,000. 9ஆம் திகதி பின்னேரம் பார்த்தால் பழைய சீற் நாலும் கீழே, புதுச் சீற் ஒன்று மட்டும் மேலே. குளியலறையில் டைல் பாதிக்கு வந்திருக்கிறது, கதவடியில் வெறும் சீமெந்து. பாஸ் கைகால் கழுவி, சேர்ட் மாற்றி, "ஹெட்ட எனவா நோனா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு வருகிறேன் அம்மா என்று சிங்களத்தில் அர்த்தம். அடுத்த நாள் போன் எடுத்தால் குருநாகல் பக்கம் எங்கோ ஊரில் நிற்கிறார், பின்னால் வெடிச் சத்தம் கேட்கிறது.

பாஸ்மாரை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர், வருடத்தில் ஒருதரம் ஊருக்குப் போகிறார்கள். மலையகத்திலிருந்து வந்து வேலை செய்கிற நம் ஆட்களும் அந்தக் கிழமை பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் ஒன்றை நான் அனுபவத்தில் படித்தேன். மார்ச் கடைசியில் "உடனே வாறன்" என்று சொல்கிற பாஸ் உங்கள் வேலைக்காக வரவில்லை, புதுவருடச் செலவுக்கு முற்பணம் தேடி வருகிறார். அதே கிழமையில் இன்னும் இரண்டு வீட்டிலாவது கூரையைக் கழற்றியிருப்பார். பிழை அவரில் இல்லை, அந்த நேரத்தில் கூப்பிட்ட என்னில்தான்.

போகும்போது ஒரு நீலப் படங்கை (தார்ப்பாய்) கட்டி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏப்ரல் 5இலிருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர்மேலே நிற்கும் என்று ஒவ்வொரு வருடமும் ரேடியோவில் சொல்வார்கள். காலையில் படங்குக்குக் கீழே இருந்து தைத்தால் முட்டை அவிக்கிற சட்டிக்குள் இருப்பது மாதிரி. மூன்று மணிக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வரும், இடி இடிக்கும், ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்க்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

12ஆம் திகதி விடிய யாழ்ப்பாண பஸ்ஸில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். சின்னம்மா, அவவின் மூத்த மகள், அதாவது எனக்கு அக்கா, அத்தான், மூன்று பிள்ளைகள். ஏற்கெனவே நாங்கள் நாலு பேர், மாமியோடு ஐந்து. பதினொரு பேருக்கு முற்றத்து மூலையில் இருக்கிற பழைய கக்கூசும் ஒரு பைப்பும். வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சின்னம்மாவுக்கு அப்படிச் சொல்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

அன்று பின்னேரம் மழை. படங்கு நடுவில் தொட்டில் மாதிரித் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு தொங்கியது. அத்தான் "நான் பாக்கிறன், விடுங்கோ" என்று சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அஸ்பெஸ்டஸ் கூரையில் நடக்கிறதென்றால் ஆணி அடித்த வரிசையிலேயே கால் வைக்க வேண்டும், அதற்குக் கீழேதான் மரம் ஓடுகிறது. கீழே நின்று நான் கத்துகிறேன், "அத்தான், ஆணி வரிசை, ஆணி வரிசை!" அவருக்கு மழைச் சத்தத்தில் "ஏணி, ஏணி" என்று கேட்டதாம். ஏணி எங்கே என்று திரும்பிப் பார்த்தபடி வலது காலை வைத்தார். சீற் முறிந்து, முழங்கால்வரை அவருடைய கால் என் தையல் அறைக்குள் வந்தது. நல்லவேளை, சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அந்த ஓட்டையால் பல வருடத்துத் தூசியும் மழையும் சேர்ந்து, தேத்தண்ணி நிறத்தில், மேசையில் விரித்து வைத்திருந்த பட்டுத் துணியில் சொட்டின.

வெட்டி வைத்திருந்த முதுகுத் துண்டு அது. பச்சைப் பட்டு, மெல்லிய சரிகைக்கரை. சாரியோடு சேர்ந்து வருகிற துணி என்பதால் துணிக்கடைகள் நிறைந்த இரண்டாம் குறுக்குத் தெரு முழுக்க அலைந்தாலும் அதே நிறம் கிடைக்காது. பட்டில் அழுக்குத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் ஓரத்தில் கோடு விழும், கழுவப் போனால் கோடு இன்னும் பெரிதாகும். கறை கழுத்துக்கு நேர்கீழே ஒன்றரை அங்குலத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்புறம் அந்தச் சட்டையைத் தைக்கக் கொடுத்த பிள்ளைக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "பின்கழுத்தை இறக்கி வெட்டினா கறை போயிடுமா அக்கா?" என்று கேட்டாள். அதே யோசனை எனக்கும் இருந்தது, கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். மூன்று அங்குலம் இறக்கி, வளைவாக வெட்டி, பைப்பிங் வைத்துத் தைத்தேன். தையற்கூலி வாங்கவில்லை.

மிச்சச் சட்டைகளுக்குக் கொளுக்கி வைக்க நேரமே இல்லை. அன்றிரவு சின்னம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் சம்மணம் கட்டி இருந்தா. "இஞ்ச கொண்டா பிள்ளை, நான் பாக்கிறன்." பதினொரு சட்டைக்குக் கொளுக்கி வைத்து முடிக்க இரவு ஒரு மணி. அக்கா ஓரம் மடித்தா. வந்தவர்களை விருந்தாளியாக உட்கார வைத்திருந்தால் அந்தச் சட்டை ஒன்றும் அந்த இரவு முடிந்திருக்காது. கேள்விக்கு நேரான பதில் என்று ஒன்று வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரரிடம் வேலை கொடுங்கள், கோபிக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால்தான் அவர்கள் உங்கள் வீட்டைக் குறை பார்ப்பார்கள்.

புதுவருடத்தன்று இன்னொரு கூத்து. மாமி வாக்கிய பஞ்சாங்கம், சின்னம்மா திருக்கணிதம். புண்ணியகாலத்துக்கு இருவரும் வேறு வேறு நேரம் சொன்னார்கள். மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துக்கொண்டு பைப்படியில் இரண்டு வரிசை. கைவிசேடம், அதாவது புதுவருடக் காசு, கொடுக்க என்னிடம் புது நோட்டு இல்லை, வங்கிக்குப் போய் மாற்றக் கிடைக்கவில்லை. இருந்த நோட்டுகளை அயர்ன் பண்ணிக் கொடுத்தேன்.

வங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் வாங்க ஒரு வங்கியில் கடன் கேட்டுப் போனபோது, தொழில் என்ற இடத்தில் தையல் என்று எழுதினேன். அங்கிருந்தவர் அதை வெட்டி "இல்லத்தரசி" என்று எழுதினார். சம்பளப் பட்டியல் இருக்கிறதா, இல்லையென்றால் கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். எட்டு வருடமாகக் கணக்குக் கொப்பி வைத்திருக்கிறேன், அதைத் திறந்தும் பார்க்கவில்லை. கடைசியில் சீட்டுக் கட்டித்தான் மெசினை எடுத்தேன். இங்கே சிலர் "பகுதிநேரப் பொழுதுபோக்கு" என்று எழுதும்போது எனக்கு அந்த வெட்டுக்கோடுதான் கண்ணில் வரும். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூரை வேலை இருந்தால் தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும்தான் கொழும்பில் மழை குறைந்த நாட்கள், பாஸ்மாரும் ஊரில் நிற்க மாட்டார்கள். மார்ச் 15க்குப் பிறகு ஓட்டையே இருந்தாலும் கீழே வாளி வையுங்கள், சீற்றைக் கழற்றாதீர்கள். முற்பணம் என்று கையில் காசு கொடுக்காமல் கட்டடச் சாமான் விற்கிற பழைய சோனகத் தெருவுக்கு நீங்களே போய்ச் சாமானை வாங்கிக் கொடுங்கள். புதுவருடத்துக்குப் பிறகு ஹாட்வெயார்க் கடைகள் திறக்கச் சில நாள் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். காசு உள்ளவர்கள் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு குளிர் தேடி நுவரெலியாவுக்குப் போவார்கள். அவர்களுக்கு இந்தப் பதில் தேவையில்லை.

பாஸ் 22ஆம் திகதி வந்தார். ஷொப்பிங் பைக்குள் அவருடைய மனைவி சுட்ட கொக்கிஸும் பலகாரமும். ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, நான் கழற்றினது நாலுதானே, இந்த அஞ்சாவதை யாரு ஒடைச்சது நோனா என்று கேட்டார். அத்தான் அதற்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருந்தார். காகம் என்றேன்.

பின்குறிப்பு: பாஸின் நம்பர் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். மூன்று வருடமாகிறது, குளியலறையில் கதவடி டைல் வரிசை இன்னும் பாக்கி.