கடைச் செயலி எந்த மொழியில் திறக்க வேண்டும்?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீடுகளுக்குச் சாமான் அனுப்ப ஒரு செயலி செய்விக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உண்டு. செய்து தருபவர், "எல்லோருடைய போனும் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, முதலில் ஆங்கிலமே வரட்டும்" என்கிறார். மீதிக் காசைக் கொடுக்குமுன் என்ன சொல்லட்டும்?

பதில்: போன் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆள் ஆங்கிலத்தில் வாசிக்க விரும்புகிறார் என்று எடுத்துவிடாதீர்கள். வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பலர் விட்டிருப்பார்கள். அதே போனில் வட்ஸ்அப்பில் தமிழில் எழுதுவார்கள். ஆகவே முதல் தடவை திறந்ததும் கேட்டுவிடுங்கள். மூன்று பொத்தான்கள், ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில். கொடிப் படம் வேண்டாம், நம் மூன்று மொழிக்கும் நாடு ஒன்றுதான். மொழி மாற்றும் வழியும் முகப்பிலேயே இருக்கட்டும். தவறுதலாகச் சிங்களத்தை அழுத்திய ஒரு தமிழ் அம்மா, வாசிக்கத் தெரியாத பக்கங்களுக்குள் அதைத் தேடித் திரியக் கூடாது.

ஆங்கிலத்துக்கும் ஓர் இடம் உண்டு. நிலாவெளிக்கு வரும் பிரெஞ்சுக்காரரின் போன் மொழி உங்கள் மூன்றில் இல்லை. அப்போது செயலி எதை எடுப்பது? அதற்கு ஆங்கிலம் சரி. ஆனால் செயலியின் அந்த ஆங்கிலச் சொல் தொகுப்பில் ஒரு சொல்லும் விடுபடக் கூடாது. ஆண்ட்ராய்டில் வேறு மொழியில் கிடைக்காத சொல்லை அங்கிருந்துதான் எடுக்கும். அங்கேயும் இல்லையென்றால் செயலி பாதியில் நின்றுவிடலாம்.

எனக்குப் பெரிய கவலை தமிழ்ச் சொற்கள்தான். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றினால் சீனி இருக்கவேண்டிய இடத்தில் 'சர்க்கரை' என்று வரும். தமிழ்நாட்டில் அது சரி, இங்கே சர்க்கரை என்றால் வேறு சாமான். பாணுக்கு 'ரொட்டி' என்று போட்டால் வாங்குபவர் தேங்காய்ப்பூ ரொட்டியை எதிர்பார்த்திருப்பார். விலையில் 'ரூபாய்' என்று இருந்தால் 'ரூபா' என்று திருத்தச் சொல்லுங்கள். பொருட்பட்டியல் முழுவதையும் உங்கள் கடையில் நிற்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து வாசிக்க வையுங்கள். அவருக்குத் தெரியாத சொல்லா? அதை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு போனைத் தமிழுக்கும், ஒன்றைச் சிங்களத்துக்கும், ஒன்றைப் பிரெஞ்சுக்கும் மாற்றி, செயலியைப் புதிதாக ஏற்றி, ஓடர் ஒன்றைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், போனின் அமைப்புகளில் ஒரு செயலிக்கு மட்டும் தனி மொழி வைக்கலாம். அங்கே அப்படி மொழி மாற்றக்கூடிய செயலிகளின் பட்டியலில் உங்கள் செயலி வருகிறதா என்றும் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.