ஊருக்குப் போகும்போது கொக்குஹோவை என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களில், கம்பெனிக் காப்பீடு இல்லாதவர்கள் கட்டாயம் சேர வேண்டியது தேசிய மருத்துவக் காப்பீடு. பேச்சுவழக்கில் கொக்குஹோ. சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப நினைப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஃப்ரீலான்ஸ் புரோகிராமராக இருக்கிறேன். அப்பாவைக் கவனித்துக்கொள்ள எட்டு மாதம் கோவையில் இருக்கப் போகிறேன். அந்த எட்டு மாதத்துக்கு கொக்குஹோவை மட்டும் நிறுத்திவைக்க முடியுமா? (நிஷி கசாய் வாசகர்)

பதில்: முடியாது. கொக்குஹோவிலிருந்து தனியாக விலகும் படிவம் என்று எதுவும் இல்லை. உங்கள் வட்ட அலுவலகத்தில் (வார்டு ஆபீஸ்) இருக்கும் குடியிருப்புப் பதிவோடு (ஜூமின்ஹியோ) அது கட்டப்பட்டிருக்கிறது. பதிவு இருக்கும்வரை காப்பீடும் இருக்கும், பிரீமியமும் வரும். பதிவை எடுக்க வேண்டுமானால் ‘வெளிநாடு செல்கிறேன்’ என்று வெளியேறல் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பவர்கள்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்பது அலுவலகங்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல். வீட்டை வைத்துக்கொண்டு எட்டு மாதத்தில் திரும்புகிறவர் பதிவை அப்படியே விட்டுவிடுவதே சரி. பிரீமியத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பதிவை எடுத்தால் மை நம்பர் கார்டும் (அரசின் அடையாள அட்டை) செல்லாமல் போகும், முகவரியைக் கேட்கும் ஒவ்வொரு வேலையிலும் சிக்கல் வரும்.

கட்டுகிற பணம் முழுதும் வீண் என்றும் நினைக்க வேண்டாம். கோவையில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் வெளிநாட்டு மருத்துவச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். புறப்படும் முன்பே வட்ட அலுவலகத்தில் இரண்டு படிவங்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று சிகிச்சை விவரத்துக்கு, இன்னொன்று கட்டண விவரத்துக்கு. இரண்டையும் அங்குள்ள மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். மாதத்துக்கு ஒரு படிவம், உள்நோயாளிக்கும் வெளிநோயாளிக்கும் தனித்தனி. அசல் ரசீது, பாஸ்போர்ட், ஜப்பானிய மொழிபெயர்ப்பு (மொழிபெயர்த்தவரின் பெயர், முகவரியுடன்), விசாரணைக்கான ஒப்புதல் கடிதம் ஆகியவையும் வேண்டும். பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதே சிகிச்சைக்கு ஜப்பானில் ஆகும் தொகை, நீங்கள் அங்கே கட்டியது, இவற்றில் எது குறைவோ அதில் 70 சதவீதம். கோவையில் 60,000 யென் அளவுக்குக் கட்டியிருந்து, இங்கே அதற்கு 1,00,000 யென் ஆகும் என்றால் கிடைப்பது 42,000. மறுபுறம், அங்கே 2,00,000 கட்டியிருந்தாலும் இங்கே 1,00,000தான் ஆகும் என்றால் 70,000. சிகிச்சைக்காகவே போனால் ஒரு யென்னும் கிடைக்காது.

கேள்வி: ஒன்றரை ஆண்டு சென்னையில் வேலை. குடும்பத்தோடு போகிறோம். என்னென்ன செய்ய வேண்டும்? (யோகோஹாமா வாசகர்)

பதில்: உங்கள் விஷயத்தில் வெளியேறல் அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலான அலுவலகங்கள் பயண நாளுக்கு 14 நாள் முன்பிருந்து வாங்கும். குடும்பத்தில் எல்லோருடைய ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவருக்கான வதிவிட அட்டை), மை நம்பர் கார்டு, காப்பீட்டுத் தகுதிச் சான்று ஆகியவற்றோடு நேரில் போங்கள். இணையவழி வெளியேறல் உள்நாட்டில் வீடு மாறுபவர்களுக்கு மட்டும்தான். மை நம்பர் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ரெசிடென்ஸ் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள், திரும்பி வர அது தேவை.

நாளைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். காப்பீடு முடிவது நீங்கள் வெளியேறிய நாளுக்கு மறுநாள். முடியும் மாதத்துக்குப் பிரீமியம் இல்லை. ஜூன் 20 வெளியேறினால் மே வரைதான் கணக்கு. ஜூன் 30 வெளியேறினால் முடிவது ஜூலை 1, ஆகவே ஜூன் மாதத்துக்கும் கட்ட வேண்டும்.

‘வெளியேறிவிட்டேனே, பிறகும் ஏன் பில் வருகிறது?’ என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆனால் வசூல் பெரும்பாலான ஊர்களில் ஜூன் முதல் மார்ச் வரை பத்துத் தவணை. ஆண்டுக்கு 2,40,000 யென் என்று வையுங்கள். மாதக் கணக்கு 20,000, தவணையோ 24,000. ஆகஸ்ட் 10 வெளியேறுகிறவர் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 80,000 தர வேண்டும். அதுவரை ஜூன், ஜூலை தவணைகளாகக் கட்டியிருப்பது 48,000. பாக்கி 32,000. அறிவிப்பு கொடுக்கும் நாளிலேயே காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் இறுதிக் கணக்கைக் கேட்டு முடித்துவிடுங்கள். கட்டாமல் போனால் நினைவூட்டல் கடிதம், தாமதக் கட்டணம், கடைசியில் வங்கிக் கணக்கு முடக்கம் வரை போகும். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது பிரீமியத்தை உரிய தேதியில் கட்டினீர்களா என்று பார்க்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். குடியிருப்பு வரி தனி. ஜனவரி 1 அன்று பதிவு இருந்தால் அந்த ஆண்டுக்கான வரி உண்டு. உங்கள் சார்பில் கடிதம் வாங்கிக் கட்ட, இங்கே இருக்கும் ஒருவரை வரிப் பொறுப்பாளராக எழுதிக்கொடுங்கள்.

இன்னொரு விஷயம், இதில் பிசகினால் விசாவே போய்விடும். விமான நிலையத்தில் படிவத்தில் டிக் செய்து எடுக்கும் சிறப்பு மறுநுழைவு (அதே விசாவில் திரும்பி வரும் அனுமதி) ஓராண்டுக்குத்தான் செல்லும், வெளிநாட்டில் நீட்டிக்க முடியாது. ஒன்றரை ஆண்டு போகிறவர் புறப்படும் முன் குடிவரவு அலுவலகத்தில் முறையான மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். அதுவும் உங்கள் விசாக் காலத்தைத் தாண்டாது.

கேள்வி: மனைவிக்கு செப்டம்பரில் பிரசவம். மதுரையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் இருப்பாள். இருவரும் கொக்குஹோ. அவள் பெயரை எடுத்துவிட்டால் பிரீமியம் குறையுமே? (ஃபுனாபோரி வாசகர்)

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். சில மாதப் பிரீமியத்துக்காகப் பிரசவ உதவித்தொகையையே இழப்பீர்கள். அந்தத் தொகை 2023 ஏப்ரல் முதல் 5,00,000 யென். வெளிநாட்டில் பெற்றாலும் உண்டு. ஜப்பானின் மகப்பேறு இழப்பீட்டுத் திட்டத்தில் சேராத மருத்துவமனை என்பதால் 4,88,000. பிரசவ நாளில் அவர் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழ், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, தாயின் பாஸ்போர்ட், மருத்துவமனையில் விசாரிக்க ஒப்புதல் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு இரண்டு ஆண்டுக்குள் கேளுங்கள். தாய் திரும்பி வந்த பிறகே விண்ணப்பம் வாங்கும் அலுவலகங்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் முத்திரை வேண்டும் என்பதால் தானியங்கி வாயில் வழியாகப் போனால் பக்கத்தில் இருக்கும் அதிகாரியிடம் கேட்டு முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்கவும் நேர்வழி இருக்கிறது. 2024 ஜனவரி முதல், பிரசவ மாதத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து நான்கு மாதங்களுக்குத் தாயின் பங்கு தள்ளுபடி. உங்களுக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. தானாக வந்துவிடும் என்று இருக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள். எதிர்பார்க்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். தாய்-சேய் கையேட்டை எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தை ஜப்பானுக்கு வந்து, முகவரி பதிந்த பிறகுதான் காப்பீட்டில் சேரும். அதற்குமுன் குழந்தைக்குத் தனியாகக் குடிவரவு அலுவலகத்தின் தகுதிச் சான்றிதழும் (காப்பீட்டுச் சான்று அல்ல) விசாவும் எடுக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தவுடன் தொடங்குங்கள்.

கேள்வி: யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய் 14 மாதம் கழித்துத் திரும்பினேன். மறுநுழைவு அனுமதி இருந்தது. பில்கள் குவிந்து கிடக்கின்றன. (கவாசாகி வாசகர்)

பதில்: உடனே பாஸ்போர்ட்டோடு போங்கள். வெளியேறிய தேதியை நிரூபித்தால் பதிவைப் பின்தேதியிட்டுத் திருத்தி, இல்லாத காலத்துப் பிரீமியத்தை நீக்க வாய்ப்பு இருக்கிறது. ஜப்பானிலிருந்து வெளியேறிய முத்திரை இல்லையென்றால் போர்டிங் பாஸ், சென்னையில் இறங்கிய முத்திரை எதுவானாலும் கொண்டுபோங்கள். காலம் கடந்த ஆண்டுகளின் கணக்கைத் திருத்த மாட்டார்கள் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: திரும்பிய பிறகு மீண்டும் சேர்வது எப்படி? (சைத்தாமா வாசகர்)

பதில்: குடியேறிய 14 நாளுக்குள் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டோடு முகவரி பதியுங்கள், காப்பீடும் அதோடு தொடங்கும். தாமதித்தால் பிரீமியம் மட்டும் முதல் நாளிலிருந்து வரும். இடையில் மருத்துவமனைக்குக் கட்டியது பெரும்பாலும் திரும்பாது. பிரீமியம் முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துப் போடப்படுகிறது. ஜப்பானில் வருமானம் இல்லாத ஆண்டுக்குப் பின் ஆளுக்கு உள்ள அடிப்படைத் தொகையில் 70 சதவீதம் வரை குறையலாம். ஆனால் வருமான அறிவிப்புப் படிவம் கொடுத்தால்தான். வருமானமே இல்லாவிட்டாலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு அந்தக் குறைப்பு கிடையாது.